பென் டிரைவ் கட்டுவது: 512 பைட்டுக்கும் 4096 பைட்டுக்கும் நடுவே

கடையில் வாங்கும் பென் டிரைவைப் பிரித்தால் உள்ளே அதிகமாக எதுவும் இருக்காது. யுஎஸ்பி செருகி, ஒரு கன்ட்ரோலர் ஐசி, ஒரு ஃபிளாஷ் மெமரி, ஒரு கிரிஸ்டல், சுற்றிலும் கொஞ்சம் கெப்பாசிட்டர், ரெசிஸ்டர். மலிவு ரகங்கள் பலவற்றில் அதுவும் கிடையாது. எல்லாவற்றையும் சேர்த்து நகம் அளவுக்கு ஒரே கறுப்புத் துண்டாக வார்த்துவிடுகிறார்கள். இதைப் பார்த்துவிட்டு, யுஎஸ்பிதான் கஷ்டம், மெமரி சும்மா ஒரு சிப்தானே என்று வேலையைத் தொடங்குபவர்கள் அதிகம். நிலைமை நேர் எதிர். யுஎஸ்பி பக்கத்தை இன்று ஒரு லைப்ரரி பார்த்துக்கொள்ளும். கணினி 512 பைட்டாக எழுதச் சொல்கிறது. ஃபிளாஷோ 4096 பைட்டாகத்தான் அழிப்பேன் என்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் நாம் என்ன செய்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் டிரைவ் வருடக்கணக்கில் உழைப்பதும் இரண்டு நாளில் படுத்துவிடுவதும்.

இங்கே கட்டுவது 15 எம்பி டிரைவ். சிரிக்க வேண்டாம்: 2000ஆம் ஆண்டு ஐபிஎம் விற்கத் தொடங்கிய டிஸ்க் ஆன் கீ வெறும் 8 எம்பிதான். ஜிபி கணக்கில் இடம் வேண்டுமென்றால் கடையில் வாங்குவதே புத்திசாலித்தனம். இது உள்ளே என்ன நடக்கிறது என்று ஒவ்வொரு பைட்டாகத் தெரிந்துகொள்ள விரும்புகிறவர்களுக்கு.

பாகங்கள்

மூளைக்கு ஆர்பி2040 மைக்ரோகன்ட்ரோலர். அதன் நிரலுக்கு 2 எம்பி ஃபிளாஷ், டபிள்யூ25க்யூ16. கோப்புகளுக்குத் தனியாக 16 எம்பி ஃபிளாஷ், டபிள்யூ25க்யூ128. ஒரே ஃபிளாஷில் நிரலையும் கோப்பையும் வைத்து ஒரு சிப்பை மிச்சம் பிடிக்கலாமே என்று தோன்றும். ஆர்பி2040 தன் நிரலை அந்த ஃபிளாஷிலிருந்து நேரடியாகப் படித்து ஓட்டுகிறது. அதில் ஒரு செக்டரை (ஒரே மூச்சில் அழிபடும் 4096 பைட் துண்டு) அழிக்கத் தொடங்கினால் அழித்து முடியும்வரை படிக்க முடியாது. அதனால் அழிக்கும் நிரலை ரேமுக்கு மாற்றி, இன்டரப்ட்டை நிறுத்தி, இரண்டாவது ப்ராசசர் கோரையும் முடக்க வேண்டியிருக்கும். இத்தனை தலைவலிக்கு இன்னொரு சிப் மலிவு.

12 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் ஒன்று. அதன் லோடு கெப்பாசிடன்ஸ் 10 பிகோஃபாரட் என்றால், போர்டின் சொந்தக் கெப்பாசிடன்ஸ் சுமார் 3 போக மீதி 7, அதன் இரட்டிப்பு 14. ஆகவே இருபுறமும் 15 பிகோஃபாரட் வைத்தால் சரி. கிரிஸ்டலின் வெளியீட்டுக் காலில் தொடராக 1 கிலோ ஓம். யுஎஸ்பியின் தரவுக் கம்பிகளான டி பிளஸ், டி மைனஸ் இரண்டிலும் 27 ஓம் தொடர் ரெசிஸ்டர் கட்டாயம். பழைய சர்க்யூட்டுகளில் பார்க்கும் 1.5 கிலோ ஓம் புல்-அப் ரெசிஸ்டர் (கம்பியை மேல் மின்னழுத்தத்துக்கு இழுத்துப் பிடிப்பது) இதில் தேவையில்லை; அது சிப்புக்குள்ளேயே இருக்கிறது. ஒவ்வொரு பவர் காலுக்கும் 100 நானோஃபாரட் ஒன்று, உள் ரெகுலேட்டரின் உள்ளீடு, வெளியீடு இரண்டிலும் 1 மைக்ரோஃபாரட். ஸ்டேட்டிக் பாதுகாப்புக்கு யுஎஸ்பிஎல்சி6-2 போன்ற ஒரு டிவிஎஸ் (திடீர் மின்னழுத்தத்தை அடக்கும் டையோடு), செருகியை ஒட்டியே. சென்னையின் ஈரக்காற்றில் ஸ்டேட்டிக் எங்கே வரப்போகிறது என்று இதை விட்டுவிட வேண்டாம். டிரைவ் செருகப்படுவது பெரும்பாலும் ஏசி அறையில். அங்கே காற்று வறண்டுதான் இருக்கும்.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் 3.3 வோல்ட் ரெகுலேட்டர் என்று கேட்டால் கைக்கு முதலில் வருவது 1117 வகைதான். பென் டிரைவுக்கு அது பொருத்தமில்லை. அது வேலை செய்ய உள்ளீட்டுக்கும் வெளியீட்டுக்கும் நடுவில் ஏறக்குறைய 1.1 வோல்ட் வித்தியாசம் வேண்டும். தனி மின்சாரம் இல்லாத ஹப்பின் வழியாக வரும் யுஎஸ்பி மின்னழுத்தம் 4.4 வோல்ட் வரை இறங்கலாம் என்று விதியே அனுமதிக்கிறது. 4.4-இல் 1.1 போனால் மிச்சம் சரியாக 3.3, கொஞ்சம் சுமை ஏறினாலும் அதற்குக் கீழே. லேப்டாப்பில் நன்றாக ஓடி, கேபினெட்டின் முன்பக்க போர்ட்டில் மட்டும் எழுதும்போது அறுந்துபோகும் டிரைவுகளில் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதை. ஏபி2112 அல்லது எம்இ6211 மாதிரியான குறைந்த டிராப்-அவுட் (எல்டிஓ) ரெகுலேட்டர், அதாவது சிறு வித்தியாசமே போதுமான வகை, வாங்குங்கள்.

கெப்பாசிட்டரை அள்ளிக் கொட்டுவதும் தப்பு. செருகும் நொடியில் கணினி பார்க்கும் மொத்தக் கெப்பாசிடன்ஸ் 10 மைக்ரோஃபாரட்டைத் தாண்டக்கூடாது. இந்தக் கணக்கில் ரெகுலேட்டருக்குப் பின்னால் இருப்பவையும் சேரும். 47 மைக்ரோஃபாரட் ஒன்றைப் போட்டுவிட்டால், பக்கத்து போர்ட்டில் இருக்கும் மௌஸ் ஒரு கணம் துண்டித்து மீளலாம். ரெகுலேட்டருக்கு முன்னால் 4.7, பின்னால் 2.2 போதுமானது.

ஃபிளாஷ் வாங்கும்போது கவனிக்க வேண்டியவை இரண்டு. டபிள்யூ25க்யூ128-இன் எட்டுக் கால் உறை 208 மில் அகலம். போர்டில் 150 மில் வரைந்துவிட்டால் உட்காராது. அடுத்தது, சிப்பின் மேல் அச்சடித்த பெயரை நம்பாதீர்கள். ஹெக்ஸில் (16 அடிமான எண்முறை) 9எஃப் என்ற கட்டளை அனுப்பினால் அது தன் அடையாளத்தைச் சொல்லும்: ஈஎஃப் 40 18 அல்லது ஈஎஃப் 70 18 வர வேண்டும். கடைசி எண் 18-க்குப் பதில் 15 வந்தால் கையில் இருப்பது 2 எம்பி சிப். அடையாளத்தையே பொய்யாகச் சொல்லும் சிப்பும் உண்டு என்பதால், ஒவ்வொரு 64 கேபி தொகுதியின் தொடக்கத்திலும் அந்த முகவரியையே எழுதி, எல்லாம் எழுதி முடித்த பிறகு மொத்தமாகத் திருப்பிப் படியுங்கள். சிறிய சிப்பாக இருந்தால் முகவரி சுற்றிவந்து, முதலில் எழுதியதன் மேல் கடைசியில் எழுதியது ஏறியிருக்கும். ஒவ்வொன்றாக எழுதி உடனே படித்தால் இது பிடிபடாது.

போர்டும் சால்டரிங்கும்

டி பிளஸ், டி மைனஸ் ஜோடிக்கு 90 ஓம் இம்பீடன்ஸ் வேண்டும் என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கும். 480 மெகாபிட் ஹை-ஸ்பீடுக்கு அது உயிர்நாடி. ஆர்பி2040 செய்வது 12 மெகாபிட் ஃபுல்-ஸ்பீடு மட்டுமே. அதன் சிக்னல் ஏற 4 முதல் 20 நானோவினாடி எடுக்கும். 2 சென்டிமீட்டர் நீளக் கோட்டில் அந்த வேகத்துக்குப் பெரிய பிரச்சினை எதுவும் வராது. இரண்டையும் பக்கம் பக்கமாக, அடியில் உடையாத கிரவுண்டுடன் கொண்டுபோனால் இரண்டு லேயர் போர்டே போதும். நாலு லேயருக்குக் காசைக் கரைக்க வேண்டாம்.

ஆர்பி2040-இன் கால்கள் 0.4 மில்லிமீட்டர் இடைவெளியில் இருப்பதால் ஸ்டென்சில் (துளையிட்ட மெல்லிய தகடு) இல்லாமல் சால்டர் பேஸ்ட் தடவுவது நடக்காத காரியம். நடுவில் இருக்கும் பெரிய கிரவுண்ட் பேடுக்கு முழுப் பரப்புக்கும் பேஸ்ட் வைத்தால், உருகும்போது சிப் அதன்மேல் மிதந்து எழும்பி ஓரக் கால்கள் தொடாமல் நின்றுவிடும். அந்த இடத்தை நாலு சிறு ஜன்னலாகப் பிரித்து, பரப்பில் பாதிக்குச் சற்று அதிகமாக மட்டும் பேஸ்ட் விழுமாறு ஸ்டென்சில் வெட்டச் சொல்லுங்கள்.

சென்னையில் இதற்கு மேல் ஒரு தொல்லை இருக்கிறது. ஈரத்துக்கு அஞ்சும் ஐசிகளின் பையில் எம்எஸ்எல் (ஈரத்துக்கு எவ்வளவு அஞ்சும் என்ற நிலை) 3 என்று போட்டிருந்தால், பிரித்த பிறகு 168 மணி நேரத்துக்குள் சால்டர் செய்துவிட வேண்டும் என்று பொருள். அந்த 168 மணி நேரம் 30 டிகிரி, 60 சதவீத ஈரப்பதம் என்ற அறைக்கான கணக்கு. ஏசி போடாத சென்னை அறையில் வருடத்தின் பெரும்பகுதி ஈரப்பதம் அந்த 60 சதவீதத்துக்கு இறங்காது. உறைக்குள் புகுந்த ஈரம் ரீஃப்ளோ சூட்டில் (பேஸ்ட்டை உருக்கும் சூடு) ஆவியாகி உறையை உள்ளிருந்தே பிளக்கும். வெளியே ஒரு கீறலும் தெரியாது. மீதமான ஐசிகளை சிலிகா ஜெல் போட்ட காற்றுப்புகாத டப்பாவில் மூடி வையுங்கள். நாள்கணக்கில் திறந்து கிடந்தவற்றை பேக் செய்துவிட்டு, அதாவது சூட்டில் வைத்து ஈரத்தைப் போக்கிவிட்டுப் பயன்படுத்துங்கள். 125 டிகிரியில் பேக் செய்வது ட்ரேயில் இருக்கும் ஐசிக்கு மட்டும்தான். பிளாஸ்டிக் டேப்பில் இருந்தால் டேப் உருகும். 40 டிகிரியில் பல நாள் வைக்க வேண்டும்.

நோ-கிளீன் ஃபிளக்ஸ் என்று எழுதியிருந்தாலும் ஐசோப்ரோபைல் ஆல்கஹால் கொண்டு கழுவுங்கள், கிரிஸ்டலைச் சுற்றி இரண்டு முறை. அரைகுறையாகச் சூடான ஃபிளக்ஸ் மிச்சம் ஈரத்தை இழுத்துக்கொண்டு கசிவுப் பாதையாகிவிடும். காலையில் ஓடும் போர்டு மழை நாளில் கணினிக்கே தெரியாமல் போவது இப்படித்தான்.

இனி நிரல்

டைனியுஎஸ்பி லைப்ரரியில் மாஸ் ஸ்டோரேஜ் பகுதி (நம்மைக் கணினிக்கு ஒரு டிஸ்காகக் காட்டுவது) தயாராகவே இருக்கிறது. கணினி 31 பைட்டில் ஒரு கட்டளைப் பொதி அனுப்பும், அதற்குள் எஸ்சிஎஸ்ஐ (டிஸ்குகளுக்கான கட்டளை மொழி) கட்டளை இருக்கும், பிறகு தரவு, கடைசியில் நாம் 13 பைட்டில் பதில் சொல்ல வேண்டும். படிக்க 28, எழுத 2ஏ, கொள்ளளவு கேட்க 25, எல்லாம் ஹெக்ஸில். நம் வேலை லைப்ரரி அழைக்கும் ஐந்தாறு ஃபங்ஷன்களை நிரப்புவது.

வழுக்கும் இடங்கள் சில உண்டு. கொள்ளளவுக் கேள்விக்குப் பதிலாகச் செல்ல வேண்டியது மொத்த செக்டர் (இங்கே கணினியின் 512 பைட் செக்டர்) எண்ணிக்கை இல்லை, கடைசி செக்டரின் எண். அந்த ஒன்றை டைனியுஎஸ்பி தானே கழித்துக்கொள்ளும். நீங்களும் கழித்தால் ஒரு செக்டர் காணாமல் போகும். யுஎஸ்பி நிரலைச் சொந்தமாக எழுதுபவர் கழிக்க மறந்தால், கணினி இல்லாத கடைசி செக்டரைப் படிக்கப்போய், செருகியவுடனே பிழை வரும். மின்சாரத் தேவையை டிஸ்கிரிப்டரில் (டிரைவ் கணினிக்குத் தரும் அறிமுகக் குறிப்பு) 2 மில்லிஆம்பியர் அலகில் எழுத வேண்டும்: 100 மில்லிஆம்பியருக்கு 50. இங்கே பெருந்தன்மையாக 500 மில்லிஆம்பியர் என்று அறிவித்தால் தனி மின்சாரம் இல்லாத ஹப்பில் கணினி ஏற்க மறுக்கும். சீரியல் எண் குறைந்தது 12 ஹெக்ஸ் எழுத்து. நிரல் ஃபிளாஷின் 64 பிட் தனி அடையாளத்தை 4பி கட்டளையால் படித்து 16 எழுத்தாகக் கொடுத்துவிடலாம். பத்து டிரைவ் செய்து பத்துக்கும் ஒரே எண் வைத்தால், இரண்டை ஒன்றாகச் செருகும்போது விண்டோஸ் குழம்பும்.

இனி முக்கிய விஷயம். ஃபிளாஷில் ஒரு பிட்டை 1-இலிருந்து 0 ஆக்குவது எப்போது வேண்டுமானாலும் நடக்கும்; 0-வை 1 ஆக்க 4096 பைட் செக்டரை முழுதாக அழித்தால்தான் உண்டு. ஒரு டம்ளரைக் கழுவ அலமாரிப் பாத்திரம் மொத்தத்தையும் தொட்டியில் போட வேண்டிய கதை. ஒரு அழிப்புக்கு வழக்கமாக 45 மில்லிவினாடி, மோசமான நிலையில் 400. பிறகு 256 பைட் பக்கமாக 16 முறை எழுத, பக்கத்துக்கு 0.7 வீதம் 11 மில்லிவினாடி. கணினி அனுப்பும் 512 பைட்டுகளை வந்தவுடனே எழுதும் எளிய நிரல், ஒரே 4 கேபி இடத்தை எட்டு முறை படித்து, அழித்து, திரும்ப எழுதும். வேகம் எட்டில் ஒரு பங்காகும், ஆயுளும் அதே விகிதத்தில் தேயும். லைப்ரரியின் பஃபர் அளவை 4096 ஆக வைத்து, 4 கேபி ரேம் கேஷ் (தற்காலிகக் கிடங்கு) ஒன்றைச் சேர்த்தால் இது தீர்ந்தது: அதே செக்டருக்கு வருவதெல்லாம் கேஷில் சேரும், வேறு செக்டருக்குப் போகும்போதும், 100 மில்லிவினாடி சும்மா இருந்தாலும், கணினி ஒத்திசைவுக் கட்டளையோ (கையில் இருப்பதையெல்லாம் எழுதி முடி என்பது) எஜெக்டோ அனுப்பினாலும் ஃபிளாஷுக்கு இறங்கும். அப்போது எழுதும் வேகம் வினாடிக்கு ஏறக்குறைய 70 கேபி.

கணினியிடமே செக்டர் அளவு 4096 என்று சொல்லிவிடலாமே? லினக்ஸ் ஏற்கும். டிவியும் கார் ஸ்டீரியோவும் பலசமயம் ஏற்காது. 512-லேயே இருங்கள்.

ஆயுள் பிரச்சினை கேஷோடு தீராது. டபிள்யூ25க்யூ128-இன் ஒவ்வொரு செக்டரும் 100,000 அழிப்பு தாங்கும். பெரிய எண்ணாகத் தெரிகிறது. ஆனால் ஃபாட் அமைப்பில் (எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று டிரைவில் குறித்துவைக்கும் முறை) எந்தக் கோப்பை மாற்றினாலும் அதன் டைரக்டரி பதிவும், கோப்பு வளர்ந்தால் ஃபாட் அட்டவணையும் அதே இடத்தில் மாற்றப்படும். ஒரு டேட்டா லாகர் (அளவீடுகளைத் தொடர்ந்து பதியும் கருவி) வினாடிக்கு ஒரு முறை எழுதினால், 100,000 வினாடியில், அதாவது 28 மணி நேரத்துக்குள், அந்த ஒரு செக்டர் தன் கணக்கை முடித்துக்கொள்ளும். மீதி செக்டர்களில் பெரும்பாலானவை புதிதாகவே இருக்கும்.

அதனால் கணினி கேட்கும் 4 கேபி இடத்தின் எண்ணுக்கும் அது ஃபிளாஷில் உண்மையில் இருக்கும் செக்டருக்கும் நடுவில் ஒரு வரைபடம் வைக்கிறோம். 4096 செக்டரில் 3840-ஐ மட்டும் கணினிக்குக் காட்டுங்கள். அதுதான் அந்த 15 எம்பி. மிச்சம் 256-இல் 16 வரைபடப் பதிவுக்கு, 240 காலி இருப்பு. வரைபடம் ரேமில் 3840 × 2 பைட், 7.5 கேபி, ஆர்பி2040-இன் 264 கேபியில் அது ஒரு ஓரம்.

எழுதும் வரிசையை மாற்றவே கூடாது. முதலில் இருப்பிலிருந்து ஏற்கெனவே அழித்து வைத்த செக்டரை எடுத்துப் புதிய தரவை எழுதுங்கள். அடுத்து பதிவுச் செக்டரில் 8 பைட் பதிவு ஒன்று: கணினி கேட்கும் இடத்தின் எண் 2 பைட், ஃபிளாஷ் இடம் 2, வரிசை எண் 2, சிஆர்சி (பிழையைக் காட்டும் சரிபார்ப்பு எண்) 2. இந்தப் பதிவு முழுதாக இறங்கிய பிறகே பழைய செக்டர் இருப்பின் வாலில் சேரலாம். எந்தக் கட்டத்தில் டிரைவைப் பிடுங்கினாலும் ஒன்று பழைய தரவு முழுதாக இருக்கும், அல்லது புதியது முழுதாக இருக்கும். பாதியில் நின்ற பதிவு சிஆர்சியில் தோற்று ஒதுங்கிவிடும். ஒரு செக்டரில் 512 பதிவு அடங்கும். நிரம்பியதும் முழு வரைபடத்தையும் வேறு இரண்டு செக்டரில் இறக்கிவிட்டு, அந்த 16-க்குள் சுழன்று அடுத்ததற்குப் போங்கள்.

இப்போது வினாடிக்கு ஒரு முறை எழுதும் அதே லாகர் 240 செக்டரில் சுழல்கிறது: 240 லட்ச வினாடி, ஏறக்குறைய 277 நாள். ஒருபோதும் மாறாத கோப்புகள் அமர்ந்திருக்கும் செக்டர்களையும் அவ்வப்போது இடம் மாற்றினால் இன்னும் நீளும். முதல் பதிப்பில் அது வேண்டாம். கூடவே ஒரு இலவச லாபம்: அழிப்பு ஓய்வு நேரத்தில் நடப்பதால், எழுதும்போது 11 மில்லிவினாடியும் எஸ்பிஐ (சிப்புக்கும் ஃபிளாஷுக்கும் நடுவிலான இணைப்பு) வழியே தரவு போகும் நேரமும் மட்டுமே. 31.25 மெகாஹெர்ட்ஸில் அது 1 மில்லிவினாடி. இருப்பு தீரும்வரை வேகம் மூன்று மடங்குக்கு மேல் போகும், தீர்ந்ததும் பழைய 70 கேபிக்கு விழும். கடையில் வாங்கும் டிரைவில் பெரிய கோப்பை நகலெடுக்கும்போது முதலில் பறந்து பிறகு ஊர்வதற்கும் காரணம் கிட்டத்தட்ட இதே ஜாதிதான்.

ஒரு நுணுக்கம். அழிப்பு நடுவில் மின்சாரம் போன செக்டர், படித்தால் எல்லாம் எஃப்எஃப் என்று வெற்றாகவே காட்டலாம். செல்களில் மின்னூட்டம் அரைகுறையாக இருக்கும். அதன்மேல் எழுதியது சில நாள் கழித்துப் பிறழும். ஆகவே படித்துப் பார்த்து வெற்று என முடிவு செய்யாதீர்கள். செருகும் ஒவ்வொரு முறையும் இருப்பு முழுவதையும் அழிக்கப்படாதது என்றே கருதி, பின்னணியில் திரும்ப அழியுங்கள். 240 × 45 மில்லிவினாடி, 11 வினாடிக்குள் முடிந்துவிடும். ஃபிளாஷின் சிஎஸ் (சிப்பைத் தேர்ந்தெடுக்கும்) காலுக்கு 10 கிலோ ஓம் புல்-அப் வைப்பதும் இதே காரணத்துக்காக: மின்சாரம் ஏறி இறங்கும்போது அந்தக் கால் மிதந்தால், சிப் குப்பையைக் கட்டளையாக எடுத்துக்கொள்ளும் அபாயம் இருக்கிறது.

ஃபார்மேட் செய்யும்போது, ஃபாட் 12-ஆ 16-ஆ என்பதைக் கிளஸ்டர் (கோப்புக்கு ஒதுக்கும் மிகச்சிறிய துண்டு) எண்ணிக்கைதான் தீர்மானிக்கிறது. 4085-க்குக் கீழே என்றால் 12. முழு 16 எம்பியையும் 4 கேபி கிளஸ்டரில் காட்டியிருந்தால் 4080 சொச்சம் வந்து எல்லைக்கோட்டில் நின்றிருக்கும். மைக்ரோசாஃப்டின் ஃபாட் குறிப்பே அந்த எல்லையிலிருந்து 16 கிளஸ்டராவது தள்ளி நிற்கச் சொல்கிறது, ஏனென்றால் ஒன்றிரண்டு பிசகிக் கணக்கிடும் கருவிகள் உலகத்தில் ஏராளம். நமக்கு பார்ட்டிஷன் 64-ஆம் எண் செக்டரில் (512 பைட் கணக்கு) தொடங்கட்டும். ஒதுக்கியது 8, ஃபாட் 12 செக்டர் வீதம் இரண்டு, ரூட் டைரக்டரி 32. கூட்டினால் தரவு 128-இல் தொடங்கும். அது எட்டால் வகுபடுவதுதான் முக்கியம். வகுபடாவிட்டால் ஒவ்வொரு கிளஸ்டரும் ஃபிளாஷின் இரண்டு 4096 பைட் செக்டரில் கால் வைத்து, எழுதும் வேலை இரட்டிக்கும். கிளஸ்டர் 3824. ஃபாட் 12-ஐ மறுக்கும் கார் ஸ்டீரியோ எதிரே வந்தால், 2 கேபி கிளஸ்டர் வைத்து ஃபாட் 16-க்கு மாறிக்கொள்ளுங்கள்.

கூடும் சோதனையும்

யுஎஸ்பி-ஏ செருகியைப் பிடுங்க குறைந்தது 10 நியூட்டன் விசை வேண்டும், செருக 35 வரை போகலாம். அந்த விசை கூட்டிலிருந்து செருகியின் உலோக உறைக்கு நேரே போக வேண்டும். சால்டர் வழியே போனால் சில மாதத்தில் பேட் பெயர்ந்து வரும். உறையின் காதுகள் துளைக்குள் இறங்கும் வகைச் செருகியை எடுத்து, கூட்டின் உள்ளே உறையின் பின்விளிம்பைப் பிடிக்கும் ஒரு படி வையுங்கள். வெளி அளவு 16 × 8 மில்லிமீட்டரைத் தாண்டினால் பக்கத்து போர்ட் அடைபடும். 3டி பிரின்ட் என்றால் பிஎல்ஏ வேண்டாம். 60 டிகிரிக்கு முன்னாலேயே இளகத் தொடங்கும், மே மாதத்தில் வெயிலில் நிறுத்திய காரின் டாஷ்போர்டுக்கு அது எட்டாத சூடு இல்லை. பிஇடிஜி தாங்கும்.

சோதனைக்கு லினக்ஸில் எஃப்3 கருவியை ஓட்டினால் கொள்ளளவும் தரவும் சரிபார்க்கப்படும். அதற்குப் பிறகுதான் உண்மையான பரீட்சை: 5 வோல்ட் கம்பியை ஒரு மாஸ்ஃபெட் வழியாக எடுத்து, எழுதிக்கொண்டிருக்கும்போது தற்செயலான நேரங்களில் வெட்டும் சிறு நிரல் ஒன்றை இன்னொரு போர்டில் போட்டு இரவு முழுக்க ஓடவிடுங்கள். ஒவ்வொரு மீட்புக்குப் பிறகும் சரிபார்க்க வேண்டியது, ஒத்திசைவுக் கட்டளைக்கு நாம் முடிந்தது என்று பதில் சொன்ன தரவு ஒவ்வொன்றும் இருக்கிறதா என்பதை மட்டும். அதற்கு முந்தைய, பதில் போகாத தரவு போனால் அது கணினியின் கணக்கு. டி பிளஸ், டி மைனஸ் கம்பிகளை அந்த நேரத்தில் வெட்டாமல் விட்டால் அவற்றின் வழியே சிப்புக்குக் கொஞ்சம் மின்சாரம் கசிந்து, அரை உயிரில் நிற்கும். மூன்றையும் சேர்த்து வெட்டுங்கள்.